‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’: ஒரு பழைய பிடில் மெட்டும் அதன் பல வடிவங்களும்

அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலைப்பக்கத்துப் பழைய நாட்டுப்புற இசைக்கு ‘ஓல்ட்-டைம்’ இசை என்று பேர். பிடிலும், தோல் போர்த்திய வட்டப் பெட்டியும் நீளக் கழுத்தும் கொண்ட தந்தி வாத்தியமான பாஞ்சோவும் முக்கியம், கிடார் பிந்தி வந்து சேர்ந்தது. இந்த இசையைப் புதிதாகக் கேட்க ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு குழப்பம் வந்துவிடும். ஒரு மெட்டின் பேரைப் போட்டு யூடியூபில் தேடினால் பத்துப் பேர் வாசித்தது வரும், பத்தும் பத்து மாதிரி இருக்கும். ஒருவர் துரத்திக்கொண்டு போகிற வேகத்தில் வாசிப்பார், இன்னொருவர் சவ ஊர்வலம் போல மெதுவாக இழுப்பார். ஒன்றில் இரண்டு பகுதி இருக்கும், இன்னொன்றில் நான்கு. இதில் எது அசல்?

இந்தக் கேள்வியை ஒரே ஒரு மெட்டை வைத்துப் பார்க்கலாம். அதன் பேர் ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’, அதாவது நெப்போலியன் போனபார்ட்டின் பின்வாங்கல். கென்டக்கி மலையில் ஒரு கிழவர் வாசித்த வடிவம் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா இசைகளில் ஒன்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதே மெட்டு ஜூக்பாக்ஸில் காதல் பாட்டாகவும் ஓடியிருக்கிறது. பேரைத் தவிர வேறெதுவும் பொருந்தாத ஒரு மெட்டும் அயர்லாந்தில் உண்டு. ஒரு மெட்டு எப்படியெல்லாம் மாறும் என்பதற்கு இதைவிடத் தோதான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

பிடில், வயலின் இரண்டும் ஒரே வாத்தியம்தான். வாசிக்கிற விதம் வேறு. மலைநாட்டுப் பழைய பிடில்காரர்கள் பலர் தாடைக்கு அடியில் வைக்காமல் மார்பில் சாய்த்துப் பிடிப்பார்கள். தந்திகளைத் தாங்கும் குதிரையின் வளைவைச் சிலர் கொஞ்சம் சீவித் தட்டையாக்கிக்கொள்வார்கள், அப்போதுதான் வில் ஒரே இழுப்பில் இரண்டு தந்தியையும் சுலபமாகத் தொடும்.

பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பகுதி. தாழ்ந்த சுரங்களில் போகும் பகுதியைப் பழைய ஆட்கள் ‘கோர்ஸ்’ என்பார்கள், உயர்ந்த சுரங்களில் போவதை ‘ஃபைன்’ என்பார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தால் ஒரு சுற்று. ஆடுகிறவர்கள் களைத்துப் போகும்வரை சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். சில மெட்டுகளில் தாளம் இப்படிச் சமமாக வராது, ஒரு வரியில் ஓரிரு அடி கூடும் அல்லது குறையும். அவற்றைக் ‘கோணல்’ மெட்டு என்பார்கள். திட்டுகிற பேர் மாதிரித் தெரிந்தாலும் பாராட்டுத்தான். போனபார்ட்ஸ் ரிட்ரீட் பலர் கையில் கோணலாகத்தான் வரும்.

இந்த மெட்டுகளுக்குப் பெரும்பாலும் ஆசிரியர் பேர் கிடையாது. நம் கீர்த்தனைகளில் கடைசி வரியில் முத்திரை வைத்து ‘இது என்னுடையது’ என்று சொல்லிவிடுகிறார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. அப்பாவிடம், பக்கத்துப் பண்ணைக்காரரிடம், வழியில் தங்கிப்போன நாடோடியிடம் காதால் கேட்டு வாங்கியவை. எழுதி வைத்த பிரதி இல்லாதபோது, மறந்துபோன இடத்தை வாசிக்கிறவர்தான் நிரப்ப வேண்டும். பல வடிவங்கள் பிறப்பது அங்கேதான்.

கென்டக்கி மலையில் நெப்போலியனுக்கு என்ன வேலை?

நெப்போலியன் பேரில் ஒரு மெட்டுக் குடும்பமே இருக்கிறது. ‘போனபார்ட் ரைன் நதியைக் கடக்கிறார்’ என்று ஒன்று, ‘போனபார்ட் ஆல்ப்ஸைக் கடக்கிறார்’ என்று ஒன்று. ‘போனபார்ட் ராக்கி மலையைக் கடக்கிறார்’ என்றுகூட ஒன்று உண்டு! மனிதர் அமெரிக்கக் கரையில் கால் வைத்ததே இல்லை. ஆல்ப்ஸைப் பார்த்திராத யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்த மலையைப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். பேர்கள் எவ்வளவு சாவகாசமாகப் பயணம் செய்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அயர்லாந்தில் நெப்போலியன் மேல் பாசம் இருந்ததற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியை விரட்டப் பிரெஞ்சுப் படை வரும் என்று அங்கே பலர் காத்திருந்தார்கள். 1796இல் பான்ட்ரி விரிகுடாவரை வந்த பிரெஞ்சுக் கப்பல்களைப் புயல் விரட்டிவிட்டது. 1798 கலகத்தின்போது ஒரு சிறு பிரெஞ்சுப் படை கில்லாலாவில் இறங்கியும் தோற்றது. நெப்போலியன் விழுந்த பிறகும் அவர் பேரில் பாட்டும் மெட்டும் நின்றுபோகவில்லை. அமெரிக்கர்களுக்கும் அவர் வேண்டாத ஆள் அல்லர். 1803இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு லூசியானா நிலப்பரப்பை அவர் விற்றதால் அந்த நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது.

எந்தப் பின்வாங்கலைச் சொல்கிறது இந்த மெட்டு? 1812இல் மாஸ்கோவிலிருந்து பனியில் திரும்பிய படை என்பார் ஒருவர், 1815 வாட்டர்லூ என்பார் இன்னொருவர். பிடில்காரருக்கு இது பெரிய விஷயமில்லை. தளர்ந்துபோன ஒரு படை நடக்கிறது, தூரத்தில் பீரங்கி முழங்குகிறது, தோல்பையில் காற்றடைத்து ஊதும் பைப் வாத்தியம் அழுகிறது. சிலர் வாசிக்கும்போது நடுவில் தந்தியை விரலால் சுண்டித் துப்பாக்கிச் சத்தம் காட்டுவார்கள். கதையைச் சொல்லிவிட்டு வாசிப்பது ஒரு பழக்கம்.

பேர் வந்த வழி இது. மெட்டு வந்த வழி வேறாக இருக்கலாம். அயர்லாந்தில் ‘கழுகின் சீழ்க்கை’ என்று பொருள்படும் பேரில் ஒரு பழைய அணிவகுப்பு மெட்டு இருக்கிறது. அதற்கும் இதற்கும் உறவு காண்கிற ஆய்வாளர்கள் உண்டு. அப்பலேச்சியாவில் குடியேறிய ஸ்காட்-ஐரிஷ் குடும்பங்களில் பெரும்பாலோர் நெப்போலியன் பேர் உலகத்துக்குத் தெரியும் முன்பே கப்பலேறிவிட்டார்கள். ஆகவே பழைய மெட்டு ஒன்று முன்னால் வந்து, பத்திரிகைச் செய்தியோடு பேர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைப்பதில் தப்பில்லை.

அயர்லாந்தில் இன்றும் ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’ என்ற பேரில் ஒரு நடன மெட்டு வாசிக்கப்படுகிறது. அது முற்றிலும் வேறு. தேடும்போது அது கையில் சிக்கினால், வடிவம் இவ்வளவு மாறிவிட்டதே என்று மலைக்க வேண்டாம்.

தந்தியைத் தளர்த்தினால் என்ன ஆகும்

இந்த மெட்டின் உயிர் சுருதி சேர்ப்பில் இருக்கிறது. வடிவங்கள் எவ்வளவு மாறினாலும் இது பெரும்பாலும் மாறுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

வயலினின் நான்கு தந்திகளையும் மேற்கத்திய முறையில் கீழிருந்து ஜி, டி, ஏ, ஈ என்று வைப்பார்கள். போனபார்ட்ஸ் ரிட்ரீட்டுக்குக் கீழ்த்தந்தியின் பிருடையை, அதாவது தந்தியை முறுக்கும் முளையைத் தளர்த்தி ஜியிலிருந்து டிக்கு இறக்குகிறார்கள். ஹெர்ட்ஸில் சொன்னால் 196இலிருந்து சுமார் 147. மேல்தந்தியையும் ஈயிலிருந்து டிக்கு இறக்குகிறவர்கள் உண்டு. அப்போது நான்கும் டி, டி, ஏ, டி என்று நிற்கும். டியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ச, ச, ப, ச. கர்நாடக வயலின் ச, ப, ச, ப என்று சேர்ப்பது என்பதால் நம்மூர்க் காதுக்கு இந்த ஏற்பாடு பிடிபட நேரமாகாது. கையில் வயலின் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். நான்கு தந்திகளையும் விரல் வைக்காமல் வில்லால் ஒரு தடவை வருடினாலே போதும், ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து பெட்டி முழுக்க அதிரும்.

தளர்ந்த கீழ்த்தந்தியை அழுத்தி இழுக்கக் கூடாது, இழுத்தால் சுருதி நெளியும். வில்லின் எடையை மட்டும் அதன்மேல் விட்டு மெதுவாக இழுத்தால் ஆழமாக ஒரு உறுமல் வரும். பக்கத்துத் தந்தியில் மெட்டு ஓட, அந்த உறுமல் அடியில் தொடர்ந்து நிற்கும். பைப் வாத்தியம் போலக் கேட்பதும், பீரங்கி போலக் கேட்பதும் இதனால்தான்.

இப்படிச் சேர்த்த பிடிலில் வேறு மெட்டுகளைச் சட்டென்று வாசிக்க முடியாது. விரல்கள் பழகிய இடங்கள் எல்லாம் மாறிப்போயிருக்கும். அதனால் ஒன்றன்பின் ஒன்றாக மெட்டு வேண்டியிருக்கும் நடன இரவுக்கு இது தோதான சரக்கு இல்லை. உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குத் தனியாக வாசித்துக் காட்டுவதற்குத்தான் பொருத்தம். அப்படிப்பட்ட மெட்டில் ஆடுகிறவர்களின் காலுக்குப் பயந்து தாளத்தைக் கட்டிக்காக்க வேண்டியதில்லை. ஒரு சுரத்தில் இஷ்டம்போல நிற்கலாம், ஒரு பகுதியை மூன்று தடவையும் வாசிக்கலாம். போனபார்ட்ஸ் ரிட்ரீட்டுக்கு இத்தனை வடிவங்கள் முளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

1937, சாலியர்ஸ்வில்

இந்த மெட்டு இசைத்தட்டில் ஏறியது 1924இல். ஜார்ஜியாவைச் சேர்ந்த ஏ. ஏ. கிரே ‘ஓகே’ கம்பெனிக்காகத் தனிப் பிடிலில் வாசித்தார். ஆனால் உலகத்தின் காதில் விழுந்தது அதற்குப் பதிமூன்று வருஷம் கழித்துப் பதிவான இன்னொரு வடிவம்.

1937 இலையுதிர் காலத்தில் ஆலன் லோமாக்ஸ், மனைவி எலிசபெத்தோடு கிழக்குக் கென்டக்கியில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 22. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் நாட்டுப்புற இசைக் காப்பகத்துக்காகப் பாட்டும் வாத்தியமும் பதிவு செய்வதுதான் வேலை. காரில் ஏற்றிக்கொண்டு போன ஒரு கனமான கருவி, ஒலியை நேரடியாகத் தட்டில் வெட்டும். அக்டோபர் 26ஆம் தேதி சாலியர்ஸ்வில் என்ற சிற்றூரில் வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப் என்பவரை வாசிக்கச் சொன்னார். 1875இல் பிறந்த ஸ்டெப்புக்கு அப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற பிடில்காரர்.

மற்றவர்கள் நடைபோட வைத்த மெட்டை ஸ்டெப் ஓட வைத்தார். துயரமான அணிவகுப்பு அவர் கையில் குதித்து ஆடும் ‘ஹோடவுன்’ ஆகிவிட்டது. அதே சுருதி, அதே உறுமல்தான், ஆனால் வில் மேலும் கீழும் வெட்டுகிற வேகத்தில் பின்வாங்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. நெப்போலியன் ஜெயித்துவிட்டு வருகிறார் என்றுதான் தோன்றும். முதலில் கிரேயைக் கேட்டுவிட்டு உடனே ஸ்டெப்பைக் கேளுங்கள். இரண்டும் ஒரே மெட்டு என்று யாராவது எடுத்துச் சொன்னால்தான் நம்புவீர்கள்.

அந்தத் தட்டு வாஷிங்டனுக்குப் போயிற்று. லோமாக்ஸும் அவர் அப்பா ஜானும் சேர்ந்து ஒரு நாட்டுப்புறப் பாடல் தொகுப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பதிவுகளைக் கேட்டு இசைக்குறிப்பாக எழுதித் தரும் பொறுப்பு ரூத் கிராஃபோர்ட் சீகருடையது. அவர் நவீன பாணியில் இசையமைத்துப் பேர்வாங்கியவர். ஒவ்வொரு தட்டையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, வில் எங்கே அழுந்துகிறது, எந்தச் சுரம் அரைகுறையாகத் தொடப்படுகிறது என்பதுவரை குறித்துக்கொள்கிற பிடிவாதக்காரர். 1941இல் ‘அவர் சிங்கிங் கன்ட்ரி’ என்ற அந்தத் தொகுப்பு வெளியானபோது ஸ்டெப்பின் வேகம் காகிதத்தில் ஏறியிருந்தது.

அடுத்த வருஷம் புரூக்ளினில் பிறந்து வளர்ந்த இசையமைப்பாளர் ஏரன் காப்லண்டுக்கு, கௌபாய்கள் பற்றிய ஒரு பாலேவுக்கு இசை தேவைப்பட்டது. அந்தக் குறிப்பு அவர் கைக்கு வந்தது. 1942 அக்டோபர் 16ஆம் தேதி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில் ‘ரோடியோ’ அரங்கேறியது. நடனம் அமைத்த ஆக்னஸ் டி மில்லே கதாநாயகியாகவும் ஆடினார். 22 தடவை திரை ஏறி இறங்கும் அளவுக்குக் கைதட்டல். அதன் கடைசிப் பகுதி ‘ஹோ-டவுன்’. ஸ்டெப் வாசித்ததுதான் அதில் ஏறக்குறைய அப்படியே வருகிறது, முழு ஆர்க்கெஸ்ட்ரா உடுப்புப் போட்டுக்கொண்டு. 1972இல் எமர்சன், லேக் அண்ட் பால்மர் என்ற ராக் குழு அதையே சின்தசைசரில் வாசித்தது. 1990களில் மாட்டிறைச்சி விளம்பரம் ஒன்றுக்குப் பின்னணியாகி அமெரிக்க டிவி முழுக்க ஒலித்தது.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, இன்று அமெரிக்கர்கள் பலருக்கு இந்த இசை கேட்டால் மேற்கத்திய சமவெளியும் குதிரையும் கண்முன் வரும் என்பது. கிழக்கு மலைக்காரர் வாசித்தது, பேரோ ஒரு பிரெஞ்சுச் சக்கரவர்த்தியுடையது, மெட்டோ அயர்லாந்திலிருந்து வந்திருக்கலாம். அதில் கௌபாய் நுழைந்தது 1942இல்தான்.

ஸ்டெப் 1957இல் இறந்தார். மெட்டு ‘மரபு மெட்டு’ என்ற கணக்கில் போய்விட்டதால், அவர் வாசித்த விதம் அவருடையது என்பதை உலகம் கவனிக்க வெகுகாலம் ஆயிற்று. இப்போது அந்த 1937 பதிவு அமெரிக்காவின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இடம் பெற்றிருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத மெட்டு என்று சொல்வது சுலபம். ஆனால் ஒரு வடிவம் ஒரு ஆளுடைய கையிலிருந்து வருகிறது, அந்த ஆளுக்கு ஒரு பேர் இருக்கிறது. நாட்டுப்புறக் கலைகளைப் பற்றி எழுதும்போது எல்லா ஊரிலும் வசதியாக மறந்துபோகிற விஷயம் இது.

அப்புறம் ஒரு காதல் பாட்டு

நாட்டு இசைக் குழுத் தலைவர் பீ வீ கிங், சுமார் 1950இல் இதே மெட்டை எடுத்து வார்த்தை போட்டார். பிடில்கள் இந்த மெட்டை வாசித்த இரவில் காதலியைக் கட்டிக்கொண்டது பற்றிய பாட்டு. கே ஸ்டார் அதைப் பாட, 1950இல் அது பெரிய ஹிட். 1974இல் கிளென் கேம்பெல் மறுபடியும் பாடினார். பாட்டுக்குள்ளேயே மெட்டின் பேர் வருவதால் போனபார்ட் எப்படியோ தப்பித்தார். பாட வேண்டும் என்பதற்காக வேகம் மிதமானது, கோணலெல்லாம் நிமிர்த்தப்பட்டது, ஸ்டெப்பின் நுணுக்கங்கள் எதுவும் மிஞ்சவில்லை. குறை சொல்வதற்கில்லை. மூச்சு விட்டுப் பாடுகிற குரலுக்குப் பிடில்காரரின் அவசரம் ஒத்துவராது.

மாறுவது எது, நிற்பது எது

மேலே பார்த்த எல்லாவற்றையும் வைத்துச் சொன்னால், ஒரு மெட்டில் தனித்தனியாக மாறக்கூடிய உறுப்புகள் நான்கைந்து இருக்கின்றன. பேர் மாறும், மெட்டு அப்படியே இருக்கும். பேர் நிற்கும், மெட்டு வேறாக இருக்கும். வேகமும் பயனும் மாறும். பகுதிகளின் எண்ணிக்கை மாறும். வாத்தியம் மாறும்போது அதற்கு வசதியில்லாத சுரங்கள் உதிரும். காப்லண்ட் அதே ‘ஹோ-டவுன்’ இசையில் சேர்த்துக்கொண்ட இன்னொரு மெட்டையே பாருங்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அது ‘மிஸ் மக்லவுட்ஸ் ரீல்’. அமெரிக்காவில் ‘ஹாப் ஹை லேடீஸ்’ என்றும் ‘அங்கிள் ஜோ’ என்றும் ஊருக்கொரு பேர்.

அந்தக் கால ஐரோப்பியப் பிடில் மெட்டுகள் மேற்கே மட்டும் போகவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் மெட்ராஸுக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது ஆங்கிலேயர் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். ‘நோட்டு ஸ்வர சாகித்தியம்’ என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதில் ‘வந்தே மீனாக்ஷி’ என்பது ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற ஐரிஷ் மெட்டு. குடிகாரக் கும்பலைப் பாடிய மெட்டு மதுரை அம்மனுக்கு வந்து சேர்ந்தது! தீட்சிதரின் தம்பி பாலுசுவாமிதான் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கென்டக்கியில் மார்பில் சாய்ந்த அதே வாத்தியம் இங்கே பாதத்தில் சாய்ந்தது.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது

முதலில் ஸ்டெப்பின் 1937 பதிவு. தட்டின் இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை மெட்டை விட்டுவிட்டு அடியில் நிற்கிற டியை மட்டும் கவனியுங்கள். அடுத்து காப்லண்டின் ‘ஹோ-டவுன்’. ஆரம்ப ஆரவாரம் முடிந்து தந்தி வாத்தியங்கள் மெட்டை எடுக்கும்போது ஸ்டெப்பை அடையாளம் தெரியும். பிறகு 1924 கிரே, கடைசியாக கே ஸ்டார்.

வாசித்துப் பழக நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல். இன்று பலர் ஸ்டெப் வடிவத்தையே மூலமாக எடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் பாதிப்பேர் காப்லண்ட் வழியாகக் கேட்டு. 1937இல் லோமாக்ஸின் கார் வேறு பள்ளத்தாக்கில் திரும்பியிருந்தால், உலகத்துக்குத் தெரிந்த போனபார்ட் மெதுவாக நடந்திருப்பார். ஆகவே மெதுவான வடிவங்களில் ஒன்றை முதலில் பழகிவிட்டு ஸ்டெப்பிடம் போவதுதான் என் சிபாரிசு. தளர்ந்த கீழ்த்தந்தியை எப்படிக் கையாளுவது என்று வில்லுக்கு அந்த வேகத்தில்தான் புரியும். இன்னொன்று, கூடிவாசிக்கும் இடத்தில் இதை நடுவில் ஆரம்பிக்காதீர்கள். பாஞ்சோக்காரர்கள் சுருதி மாற்ற நேரமாகும் என்பதால் அங்கே ஒரே சுருதியில் வெகுநேரம் வாசித்துக்கொண்டிருப்பார்கள். டி மெட்டுகள் ஓடும் நேரம் பார்த்து, அதிலும் கடைசி மெட்டாக எடுத்தால், பிருடையை இறக்கிக்கொள்ள யாரும் முகம் சுளிக்காமல் ஒரு நிமிஷம் தருவார்கள்.